மோகனின் வலது புருவம்

பத்துப் பன்னிரண்டு வருடம் மனிதர்களுடைய முகத்தில் துணி போர்த்திப் பிழைத்தவள் நான். பயந்துவிடாதீர்கள், எல்லாம் கொம்பியூட்டரில்தான். தெஹியோவிட்ட டவுனில் எங்கள் ஸ்டூடியோவில் எடுத்த படம் ஏதாவது உங்கள் லயத்து வீட்டுச் சுவரில் தொங்கினால் கிட்டப் போய்ப் பாருங்கள். கன்னத்தில், நெற்றியில், சாக்குத் துணி மாதிரி நூல் நூலாகத் தெரியும். அது என் கைவேலை.

போன கிழமை தர்ஷினி டெலிபோன் எடுத்தாள். நான் வேலையை விட்ட பிறகு என் கதிரையில் உட்கார்ந்திருப்பவள் அவள். "அக்கா, இப்ப போன்லயே ஒரு தட்டு தட்டினா ஒயில் பெயின்டிங் மாதிரி வந்திருது. ஆனா ரீட்டா அக்கா செஞ்ச மாதிரி இல்லன்னு ஆளுங்க மூஞ்ச சுளிக்கிறாங்க. எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதித் தாங்களேன்" என்றாள். எழுதுகிறேன். ஆனால் அந்தத் துணியை விரிக்கிற டெக்ஸ்சர் போடுவது எப்படி என்று மட்டும் எழுதினால் அது அரைக் கதை. போட்டதை எப்படி எடுப்பது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு ஒரே ஒரு தடவை அதைச் செய்ய வேண்டி வந்தது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன், தர்ஷினி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூற்றிரண்டில் நான் அந்த ஸ்டூடியோவில் சேர்ந்தேன். றப்பர் தோட்டத்துப் பிள்ளை, ஓ-லெவல் பாஸ், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, அவ்வளவுதான் தகுதி. முதல் பத்து வருடம் நெகட்டிவில் பென்சிலால் முகச்சுருக்கம் தொட்டேன், பிரிண்டில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் மெல்லிய தூரிகையால் மறைத்தேன். கண் போயிற்று, கண்ணாடி வந்தது. இரண்டாயிரத்து இரண்டில் கொம்பியூட்டர் வந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு பொடியன் மூன்று நாள் சொல்லிக் கொடுத்தான். மிச்சத்தை நானே தட்டித் தடவிப் படித்தேன்.

முதலாளி சிரில் மாத்தையா. சிங்களவர், தமிழும் பேசுவார், ஆனால் கோபமோ பயமோ வந்தால் சிங்களம்தான். மெலிந்த ஆள், மெதுவான பேச்சு. படம் எடுக்கும்போது யாரையும் தொடமாட்டார். ஒரு பென்சிலை நீட்டிப் பிடித்து, "இந்தா, பென்சில் கூரப் பாருங்க" என்பார். பென்சில் நகரும், முகமும் தானாக நகரும். வேண்டிய கோணம் வந்ததும் க்ளிக். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு கர்வம் இருந்தது, அது அவருடைய லைட். படம் சரியில்லை என்று யாராவது சொன்னால் பேப்பரில் பிழை, மிஷினில் பிழை, என்னில் பிழை, வந்தவருடைய முகத்தில்கூடப் பிழை இருக்கும். லைட்டில் மட்டும் பிழை இருக்காது.

சரி, டெக்ஸ்சர். துரை பங்களாவில் எண்ணெய் வர்ணப் படங்கள் மாட்டியிருக்கும் அல்லவா? பங்களாவில் சமையலுக்கும் தோட்டத்துக்கும் போனவர்கள் அவற்றைப் பார்த்திருந்தார்கள். "அந்த மாதிரிப் போட்டுத் தாங்க" என்று முதலில் கேட்டது ஒரு பங்களாச் சமையல்காரர். நான் ஒரு கென்வஸ் துணியை ஸ்கேனரில் போட்டு எடுத்து, அதைக் கண்ணாடித் தாள் மாதிரி அவருடைய முகத்தின் மேல் விரித்தேன். நூலின் மேடு வெளிச்சமாகவும் பள்ளம் இருட்டாகவும் விழுந்தது. துணி தெரிகிற அளவை நூற்றுக்கு நாற்பது வீதமாகக் குறைத்தேன். மனிதர் படத்தைக் கையில் வாங்கி, "அடேங்கப்பா! தொரை தோத்தாரு" என்றார். அந்த மாதத்திலிருந்து பிடித்தது பிசாசு. தீபாவளி, கிறிஸ்மஸ், கல்யாணம், வயசுக்கு வந்த சடங்கு, எல்லாவற்றுக்கும் துணி. பெரிதாக்கினால் மங்கிப்போகும் படங்களுக்கும் துணி நல்ல மருந்து. மங்கல் தெரியாது, நூல்தான் தெரியும்.

செய்முறை கேள், தர்ஷினி. முதலில் படத்தின் மேல் அதே படத்தின் பிரதி ஒன்றை வை. பிரதியில் முகத்தை மட்டும் மங்கலாக்கு. கண்ணும் உதடும் இருக்கும் இடத்தை மட்டும் அழித்தால் கீழே இருக்கும் கூர்மை தெரியும், மிச்சத் தோல் வெண்ணெய். மச்சம், பரு, தழும்பு இருந்தால் பக்கத்துத் தோலை அள்ளி மேலே ஒட்டு. பிறகு நிறம். "கொஞ்சம் வெள்ளையாப் போடுங்க" என்று கேட்காத ஆள் கிடையாது. கேட்காவிட்டாலும் நான் போட்டேன். பிறகு பின்னணி. நீர்வீழ்ச்சி, பங்களாப் படிக்கட்டு என்று சீடியில் வந்தவை. அவற்றில் வெயில் இடப்பக்கத்திலிருந்து அடிக்கும். மாத்தையாவின் பெரிய லைட் வலப்பக்கம். வெளிச்சம் பொருந்தாது. அவருடைய லைட்டை நகர்த்தச் சொல்ல எனக்குத் தைரியம் ஏது? ஆகவே ஆளையே கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் திருப்பிவிடுவேன். யாருக்குத் தெரியப் போகிறது? கடைசியாகத் துணி. என் துணியில் ஓரிடத்தில் நூல் முடிச்சு ஒன்று இருந்தது. அது கண்ணில் விழாமல் ஒவ்வொரு படத்திலும் துணியை நகர்த்தி வைப்பேன். எல்லாவற்றையும் ஒன்றாக அழுத்திச் சேமித்தால் முடிந்தது.

சனிக்கிழமை பின்னேரம் "கழுவுற" வேலை. கொம்பியூட்டரில் இடம் போதாது. ஆகவே முடித்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படங்களை அழித்துவிட வேண்டும் என்பது மாத்தையாவின் சட்டம். அழித்தது நான். ஒரு நாளும் யோசித்ததில்லை.

இரண்டாயிரத்து எட்டில் ஒரு நாள் காலையில் பார்வதி வந்தாள். பக்கத்து றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள், புருஷன் இல்லை, ஒரே மகன் மோகன். இரண்டு வருடத்துக்கு முந்தைய தீபாவளிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வந்து படம் எடுத்தவள். கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. முதல் சம்பளத்தில் வாங்கிய நீலச் சட்டையோடு உட்கார்ந்தான். இப்போது அந்தப் படத்தையே ஃபிரேமோடு சாக்குப் பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தாள்.

"ரீட்டாம்மா, இத மாத்தித் தாங்க" என்றாள்.

"என்னாங்க, கண்ணாடி ஒடஞ்சிருச்சா?"

"கண்ணாடி இல்லீங்க. மூஞ்சி."

பிறகுதான் அழுதாள். மோகனை ஆறு கிழமைக்கு முன்னால் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் வைத்து, யுத்தத்துக்காக ஆமியும் பொலிஸும் தமிழ்ப் பொடியன்களைத் தேடிப் பிடிக்கிற ரவுண்டப்பில் பிடித்துப் போயிருந்தார்கள். அவனிடம் அடையாள அட்டை இல்லை. விண்ணப்பம் போட்டு இழுபட்டுக்கொண்டிருந்தது, கையில் கிராம சேவகர் கொடுத்த கடிதம் மட்டும். எங்கே கொண்டுபோனார்கள் என்று கடை முதலாளிக்கும் தெரியவில்லை. பார்வதி ஏறாத படி இல்லை. போன இடமெல்லாம் மோகன் என்ற பெயரில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள், தகப்பன் பெயரைச் சிங்களத்தில் எழுதியதில் ஆளுக்கொரு மாதிரி, எவன் இவளுடைய மகன் என்று தெரியாது. படம் இருந்தால் காட்டு என்றார்கள். அவளிடம் இருந்த ஒரே படம் இதுதான். காட்டினாள்.

"பாத்துட்டு அங்க இருந்த கிளாக்கர் சிரிச்சான் ரீட்டாம்மா. 'மேக சித்ரயக்னே அம்மே'ன்னான். போட்டோ கேட்டா சித்திரம் கொண்டு வந்திருக்கியேன்னு. என் மகன் சித்திரமா?"

நான் ஃபிரேமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அடக் கடவுளே! பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையைக் கேட்டிருக்கிறேன். நான் ஒரு கறுத்த, களையான பிள்ளையைப் பிடித்து சினிமா நோட்டீஸ் பொம்மையாக்கி இருந்தேன். பின்னால் நீர்வீழ்ச்சி வேறு. அப்போது இதே படத்துக்கு, "நல்லா வந்திருக்கில்ல?" என்று நானே என்னை மெச்சிக்கொண்டது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை, அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாத வெட்கம்.

மூலப் படம் இல்லை, கழுவியாயிற்று. "செஞ்சித் தாறேன். ரெண்டு நாள் தாங்க" என்றேன். எப்படிச் செய்வேன் என்று எனக்கே தெரியாது.

மாத்தையா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போனதும் வந்தார்.

"மேக அபே வெட நெமெய், ரீட்டா." இது நம்முடைய வேலை இல்லை என்றார். "நாளைக்கி வந்து இந்தப் படம் யாரு செஞ்சதுன்னு கேட்டா? கடை போகும். நீயும் போவ."

"நான்தான் செஞ்சேன்னு சொல்லுங்க."

"எபா. வேணாம்னு சொல்றேன்."

"மாத்தையா, அந்தப் புள்ளைட மூஞ்ச அழிச்சது நானு. நானே வச்சித் தராட்டி வேற யாரு தாறது? வேலைய விட்டு நிப்பாட்டுறதுன்னா நிப்பாட்டுங்க, ரெண்டு நாளைக்கிப் பொறகு."

பதினாறு வருடத்தில் நான் அவரை எதிர்த்துப் பேசிய முதல் வார்த்தை அது. அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு இருட்டறைக்குள் போய்விட்டார். நான் கொம்பியூட்டரைப் போட்டேன்.

முதலில் துணியை உரிக்க வேண்டும். போட்ட அதே துணியின் படம் என்னிடம் பத்திரமாக இருந்தது. அதில் கறுப்பை வெள்ளையாக, வெள்ளையைக் கறுப்பாக மாற்றினேன். இப்போது மேடு இருந்த இடத்தில் பள்ளம். அதை அதே இடத்தில், அதே நாற்பது வீதத்தில் மறுபடி விரித்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட வேண்டும். ஆனால் அதே இடம் எது? ஒரு புள்ளி விலகினாலும் நூல் இரட்டையாகத் தெரிந்தது. அப்போது அந்த முடிச்சைத் தேடினேன். மோகனின் கழுத்துப்பட்டி ஓரத்தில் கிடந்தது. முடிச்சின் மேல் முடிச்சை வைத்து, அம்புக்குறி விசையால் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தினேன். மேலே ஒன்று, இடப்பக்கம் ஒன்று, மறுபடி கீழே ஒன்று. காலையில் தொடங்கியது மத்தியானம் வரை போனது. சோற்றுப் பார்சலைப் பிரிக்கவில்லை. திடீரென்று நூல் மறைந்தது. "ஏசுவே!" என்று கத்திவிட்டேன். வெளியே படத்துக்கு உட்கார்ந்திருந்த தாயும் பிள்ளையும் பயந்து எழும்பிவிட்டார்கள்.

துணி போனது, உள்ளே இருந்தது அவித்த முட்டை. தோல் இல்லை. நான்தான் வெண்ணெய் ஆக்கியிருந்தேனே. நிறமும் எது என்று தெரியவில்லை. அப்போது அவனுடைய காதைப் பார்த்தேன். அவசரத்தில் காதுக்கு வெள்ளையடிக்க மறந்திருந்தேன். காது அவனுடைய உண்மை நிறத்தில் இருந்தது. முகத்தை அந்தக் காது நிறத்துக்கு இறக்கினேன். கழுத்தையும் நான் மங்கலாக்கியிருக்கவில்லை. கழுத்துத் தோலின் சொரசொரப்பை அள்ளி அதையே டெக்ஸ்சராக்கி, கன்னத்திலும் நெற்றியிலும் மெல்லியதாக விரித்தேன். நீர்வீழ்ச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் சாம்பல் நிறம் வைத்தேன். பின்னேரம் ஆகும்போது திரையிலிருந்து ஒரு பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பார்வதியை வரச் சொல்லி என் பக்கத்தில் உட்கார வைத்தேன். திரையைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, "புருவத்துல வெட்டுக் காயம் இல்லியே" என்றாள்.

"என்னா காயம்?"

"சின்னப் புள்ளையில என் பின்னுக்கே மலைக்கி வந்து பால்வெட்டுக் கத்திய எடுத்து வெளையாடிட்டான். வலது புருவம். அத வச்சி எங்கயும் அவனக் கண்டுபுடிச்சிருவேன்."

நான் அதையும் அள்ளி மறைத்திருப்பேன். ஒரு க்ளிக் வேலை, யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? வரைவதற்குத் தூரிகையை எடுத்து, அவனுடைய வலது புருவத்துக்குக் கொண்டுபோனேன். அந்த நேரம் சட்டைப் பையைக் கண்டேன். பை நெஞ்சின் வலது பக்கத்தில் இருந்தது. ஆண்பிள்ளைச் சட்டைக்குப் பை இடது பக்கம் அல்லவா? பொத்தானும் பெண் சட்டை மாதிரி மாறிப் பூட்டியிருந்தது. பின்னணி வெயிலுக்காக நான் அவனை இடம் வலமாகத் திருப்பியிருந்தேன்! அப்படியே வரைந்து கொடுத்திருந்தால் காயம் வேறு பக்கம் போயிருக்கும், முகமும் கண்ணாடியில் பார்த்த முகமாகவே இருந்திருக்கும். படத்தைத் திருப்பினேன். பை இடது பக்கம் வந்தது. பார்வதி, "ஆங், இப்பத்தான் அவன் மாதிரி இருக்கு" என்றாள்.

காணாத காயத்தை வரைய எனக்கு மனம் இல்லை. பொய் எழுதுவது போல இருந்தது. ஆனால் இருந்ததை அழித்ததும் பொய்தானே? மெல்லிய கோடாக இழுத்தேன்.

"இன்னும் பெருசு" என்றாள். நீட்டினேன். "இல்லீங்க, இன்னும். புருவம் ரெண்டாப் பொளந்து நெத்திக்கி ஏறும்." ஏற்றினேன். கடைசியில் அவள் விரலைத் திரையில் வைத்துத் தடவினாள். "அதுதான். அதுதாங்க என் புள்ள."

பின்னால் மாத்தையா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. "மினுமினுப்புப் பேப்பர் வேணாம். மட் பேப்பர்ல ஆறு பிரிண்ட் போடு" என்று தமிழில் சொன்னார். பிறகு பார்வதியிடம், "அம்மே, திங்கக்கிழமை மகனத் தேட எத்தன மணி பஸ்ஸுக்குப் போறீங்க?" என்று கேட்டார். திங்கட்கிழமை ஸ்டூடியோவை மூடிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவளோடு போனார். நான் அவரைப் பற்றி நினைத்திருந்த அத்தனையையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

நாலு திங்கட்கிழமை போனார்கள். நாலாவது திங்கள் தெற்குப் பக்கம் ஒரு தடுப்பு முகாமில், அந்தப் பெயரில் இருந்த மூன்று பேரில் ஒருவனைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். அங்கே நடந்ததை மாத்தையா எனக்கு மறுநாள் சொன்னார். தாடி, எலும்பும் தோலும். பார்வதி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துவிட்டாள். ஆனால் அங்கே இருந்த பெரிய அதிகாரிக்கு அது போதாது. தாய்மார் எல்லாரும் அழத்தான் செய்வார்கள் என்றாராம். படத்தை அவனுடைய முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். காதைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், புருவத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"பக்கம் சரி, எடம் சரி. ஆனா படத்துல காயம் பெருசா இருக்கே, இந்தப் படம் எடுத்தது யாருன்னு கேட்டாரு" என்றார் மாத்தையா.

"நீங்க என்னா சொன்னீங்க?"

மாத்தையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துத் துடைத்து, கடைசியில் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நான்தான் எடுத்தேன்னு சொன்னேன். மகே லைட் எக்க வெரதி சேர்னு சொன்னேன்."

என்னுடைய லைட் பிழை. அந்த மனிதர் தன் வாயால் அதைச் சொன்னார் என்று நான் இன்றைக்குச் சொன்னாலும் டவுனில் யாரும் நம்பமாட்டார்கள். நான் பின்பக்கம் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

பேர் ஊர் உறுதியானபடியால் ஒரு வக்கீல் உள்ளே போக முடிந்தது. வழக்கு ஒன்றும் இல்லை என்று கோர்ட்டில் விட்டார்கள். அதற்கும் ஐந்து மாதம் போனது. அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நான் ஸ்டூடியோவைத் திறந்த நேரம், தாயும் மகனும் வாசலில் நின்றார்கள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மோகன் கொஞ்சம் உடம்பு தேறியிருந்தான், ஆனால் சத்தமாக வாகனம் போனால் திரும்பிப் பார்த்தான். "வாங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேராக அவனிடம் போனேன்.

"தம்பி, கோவிச்சுக்காத. அந்தப் புருவத்தக் கொஞ்சம் காட்டு."

சிரித்துக்கொண்டே லைட்டுக்குக் கீழே குனிந்தான். கண்ணாடியை மேலும் கீழும் தள்ளித் தேடினேன். ஆமாம், தேட வேண்டியிருந்தது. வலது புருவத்தின் நடுவில் ஓர் அரிசி நீளத்துக்கு முடி இல்லை. அவ்வளவுதான். நெற்றியில் ஒன்றுமே இல்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்கக்கா. ஏழு வயசுல பட்டது. அம்மா சும்மா பெருசாச் சொல்லியிருக்கும்."

பார்வதி அவனுடைய முதுகில் ஒன்று வைத்தாள். "சும்மாவா? ஒன்னத் தோள்ல போட்டுக்கிட்டு மலையிலருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினது நானு. என் சீலையெல்லாம் ஒன் ரெத்தம். கண்ணத் தொறக்கல்ல நீயி. அந்தக் காயம் சின்னதுன்னு எவன்டா சொன்னது?"